கதையோடு பாட்டா, கதைக்குப் பிறகு பாட்டா?

அக்கா மகனுக்குப் புதுச்சேரியில் கல்லூரி, வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்து பாய் விரித்துப் படுத்திருந்தபோது கேட்டான்: "மாமா, பஸ்ஸு, அசைன்மெண்ட் எல்லாம் போக எனக்குன்னு ஒரு மணி நேரம்தான் மிஞ்சுது. சிறுகதை படிக்கணும். சினிமாப் பாட்டத் தாண்டி ராக், இண்டின்னு ஏதாவது கேக்கணும். ரெண்டையும் ஒண்ணா வெச்சுக்கிட்டா நேரம் மிச்சம்தானே?"

மிச்சம் இல்லைடா என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். அதே கணக்கை நானும் போட்டவன்தான். பதினோரு வருடமாக இந்த இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் அலைகிறேன். கதையையும் பாட்டையும் ஒரே நாளுக்குள் அடக்க நான்கு விதமாக முயன்றிருக்கிறேன். அலுவலகத்தில் இரண்டு பேர் இதே கேள்வியோடு வந்ததால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

அதற்கு முன் ஒன்று. இண்டி என்பது தாளமோ ராகமோ இல்லை. பெரிய நிறுவனத்தின் பணமும் சினிமாத் தயாரிப்பாளரும் இல்லாமல், பாடுகிறவர்களே கைக்காசு போட்டு வெளியிடும் இசை. நம் பக்கத்தில் இதற்கு நேரானது சிறுபத்திரிகை. 1933இல் வந்த மணிக்கொடியும் 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய எழுத்தும் வணிகப் பத்திரிகை வரிசைக்கு வெளியே நின்ற மாதிரி. ராக் வேறு, அது ஓசையைப் பற்றியது. கிதார், பேஸ், டிரம்ஸ், அவற்றின் மேல் ஒரு குரல். ஒரே குழு இரண்டாகவும் இருக்கலாம்.

எதை வைத்து அளப்பது

நான் நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது, கதை நிற்கிறதா. மறுநாள் காலை பல் துலக்கும்போது அந்தக் கதையின் கடைசிப் பத்தி தானாக ஞாபகம் வந்தால் நின்றது என்று அர்த்தம். கதைச்சுருக்கம் மட்டும் ஞாபகம் இருந்தால் படிக்கவில்லை, பக்கம் புரட்டியிருக்கிறோம்.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம்: புதுப் பாட்டு பழகுகிறதா? சினிமாப் பாட்டு நமக்குப் பிடிப்பதற்கு முன்பே பழகிவிடுகிறது. டீக்கடை, மினி பஸ், கல்யாண மண்டபம், பக்கத்து வீட்டு டிவி என்று ஒரு வாரத்தில் இருபது முறை காதில் விழும். இருபத்தோராவது முறை நாமே முணுமுணுத்துக்கொண்டிருப்போம். சென்னையில் ஒரு அறைக்குள் நாலு பேர் சேர்ந்து பதிவு செய்த பாட்டுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. அதற்கு டீக்கடை நாம்தான். குறைந்தது மூன்று முறை, வேறு வேலை இல்லாமல் கேட்க வேண்டும். ஒரு முறை பாதி கேட்டுவிட்டு "எனக்கு ராக் ஒத்துவராது" என்பவர்கள் பெரும்பாலும் ராக்கை இன்னும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, காசும் காதும். நான்காவது, வீட்டில் நடக்குமா. தனி அறை இருப்பவருக்கும் கூடத்தில் படுப்பவருக்கும் ஒரே யோசனை சொல்ல முடியாது.

ஒன்று: படித்துக்கொண்டே கேட்பது

எல்லோரும் முதலில் தொடங்குவது இதில்தான். ஒரு மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் கிடைத்த மாதிரி இருக்கும்.

சிக்கல் வார்த்தைகளில் இருக்கிறது. படிக்கும்போது உள்ளே ஒரு குரல் வாசித்துக்கொண்டே போகிறது. காதில் இன்னொரு குரல் நமக்குத் தெரிந்த மொழியில் பாடினால் இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும். தமிழ்ப் பாட்டோடு தமிழ்க் கதை படித்தால் ஒரே வரியை மூன்று முறை படிப்பேன். ஆங்கிலப் பாட்டு கொஞ்சம் தேவலை; அதுவும் நம் ஆங்கிலம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. மோசமானது மலையாளம். கேரளத்து அவியல் குழுவைக் கேட்டுக்கொண்டே கதை படிக்க முயன்றேன். மலையாளம் முக்கால் பங்கு புரிகிறதல்லவா, மிச்சக் கால் பங்கு என்னவாக இருக்கும் என்று மனசு தேடிக்கொண்டே இருக்கிறது. அந்த ராத்திரி கதையும் இல்லை, பாட்டும் இல்லை.

வார்த்தையே இல்லாத ராக் இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் த ஸ்கை, ஸ்காட்லாந்தின் மோக்வாய் இரண்டும் பெரும்பாலும் குரல் இல்லாமலே வாசிப்பவை. ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் இன்னும் விசேஷம். அவர்கள் பாடுவது ஐஸ்லாந்து மொழி. சில பாட்டுகளில் அதுகூட இல்லை, அர்த்தமே இல்லாத ஒலிகள். குரல் இருக்கும், தொந்தரவு இருக்காது.

ஆனாலும் கதை பிழைக்கிறதே தவிர பாட்டு பிழைப்பதில்லை. ஃபேன் சத்தம் மாதிரி ஆகிவிடுகிறது. மூன்று மாதம் அப்படிக் கேட்ட ஒரு ஆல்பத்தை ஒருநாள் வெறுமனே கேட்டபோது, நடுவில் டிரம்ஸ் அடியோடு நின்றுபோய் மறுபடி தொடங்கும் இடம் ஒன்று இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். வெளியே தெரியாத செலவு இன்னொன்று உண்டு: வாசிக்கும்போது கேட்க என்று தேடினால் செயலி மென்மையான பியானோவாக எடுத்துப் போடும். நாமும் தடுக்காமல் ஓடவிடுவோம். இவருக்கு இதுதான் பிடிக்கும் என்று முடிவுகட்டி அதையே மறுபடி மறுபடி நீட்டும். புதிது தேடப் போனவர் ஒரே மாதிரி ஐம்பது துண்டுகளோடு திரும்புவார்.

இது சரியான வழியாகும் காலமும் உண்டு. ஆடி மாதம் தெருமுனை அம்மன் கோவிலில் கூழ் ஊற்றும்போது மைக் செட் ராத்திரி வரை ஓயாது. பக்கத்து அறையில் சீரியல். அப்போது காதில் மாட்டிய கிதார் ஒரு மதில். அந்தப் பத்து நாளும் நான் இதைத்தான் செய்கிறேன்.

இரண்டு: கதை முடிந்த பிறகு இசைத்தட்டின் ஒரு பக்கம்

ஒரு பழைய கணக்கு சொல்கிறேன். 78 சுற்று இசைத்தட்டுக் காலத்தில் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம்தான் பதிய முடியும். பாட்டு என்றால் மூன்று நிமிடம் என்ற வழக்கம் அதிலிருந்து வந்து இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1948இல் கொலம்பியா நிறுவனம் எல்பி தட்டை வெளியிட்டது. பன்னிரண்டு அங்குலம், நிமிடத்துக்கு 33⅓ சுற்று, பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல். பின்னால் வந்த ராக் குழுக்கள் அந்த ஒரு பக்கத்தை ஒரே மூச்சாக, தொடக்கமும் முடிவுமாக அடுக்கப் பழகிக்கொண்டன. அதே 1948இல்தான் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன் காலமானார். இரண்டுக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை. ஆனால் அவர் கதை ஒன்றைப் படிக்க எனக்கு ஆகும் நேரமும் எல்பியின் ஒரு பக்கமும் ஏறக்குறைய ஒன்று என்பதைக் கவனித்த நாளிலிருந்து என் ராத்திரி இப்படித்தான் போகிறது: கதைக்கு இருபது நிமிடம், பிறகு இரண்டு மூன்று நிமிடம் சும்மா, அப்புறம் ஒரு ஆல்பத்தின் முதல் பாதி இருபது நிமிடம். மிஞ்சுவதில் கேட்டதில் ஒரு பாட்டை மட்டும் மறுபடி.

நடுவில் அந்தச் சும்மா இருக்கும் நேரத்தை விட்டுவிட வேண்டாம். நல்ல கதை முடிந்ததும் மனசு ஏதோ இன்னும் வர வேண்டியிருக்கிற மாதிரி திறந்தே கிடக்கும். செல்போனை எடுத்து வாட்ஸப் பார்த்தால் மூடிக்கொள்ளும். பார்க்காமல் இருந்தால், அதுவரை கேட்டிராத ஒரு குழு அந்த நேரத்தில் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. மற்ற நேரத்தில் பத்து விநாடியில் தள்ளிவிட்டிருக்கும் பாட்டை அப்போது முழுக்கக் கேட்கிறேன்.

சோகக் கதைக்குச் சோகப் பாட்டு என்று தேட வேண்டாம். அது சாம்பாருக்குத் தொட்டுக்கொள்ள சாம்பார். ஒரு முறை, கடன் கேட்கப் போன பாட்டி கேட்காமலே திரும்பிவரும் கதை ஒன்று படித்தேன். கதையில் ஒருவர்கூடக் குரல் உயர்த்துவதில்லை. அன்றைக்கு வரிசையில் இருந்தது கர்நாடக சங்கீதத்தை ராக்கோடு பிணைக்கும் பெங்களூரு அகம் குழு. எலெக்ட்ரிக் கிதாரின் இரைச்சலுக்கு நடுவே ஒரு கீர்த்தனை வரி ஏறி வந்தபோது, அந்தப் பாட்டி வாய்விட்டுக் கேட்காதது எல்லாம் அங்கே கத்திக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. நானாகப் பொருத்தம் பார்த்திருந்தால் வீணை வாசிப்பு எதையாவது எடுத்திருப்பேன்.

செலவு? ஒரு மணி நேரம் முழுசாக வேண்டும், அறுத்து அறுத்துச் செய்ய முடியாது. கதையையும் ஆல்பத்தையும் முதல் நாளே எடுத்து வைக்காவிட்டால் தேடுவதிலேயே அரை மணி போய்விடும். கண்ணை மூடிக் கேட்டால் வீட்டில் தூங்குகிறான் என்று நினைத்து விளக்கை அணைத்துவிடுவார்கள். பரீட்சை நேரத்திலும் கண் சொக்கும் நாட்களிலும் இது நடக்காது.

மூன்று: பாட்டு முன்னால், கதை பின்னால்

படிக்கும் பழக்கம் விட்டுப்போனவர்களுக்கு இது. புத்தகத்தைத் திறந்ததும் இரண்டாவது பத்தியில் கை செல்போனைத் தேடுகிறது என்றால், முதலில் இரண்டு பாட்டு முழுதாகக் கேட்பது மனசை ஓரிடத்தில் உட்கார வைக்கும்.

பாட்டே படிக்க வைப்பதும் உண்டு. சென்னையில் 2017இல் உருவாகி 2018 ஜனவரியில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் ராக்கையும் ராப்பையும் சேர்த்துப் பாடியது. அந்தப் பெயர், 'சாதியற்ற தமிழர்' என்று தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் சொன்னதிலிருந்து வந்தது. என் நண்பர் ஒருவர் பாட்டுக்காகப் போய், பெயர்க் காரணம் தேடி அயோத்திதாசரைப் படித்து, அங்கிருந்து தலித் எழுத்தாளர்களின் சிறுகதைகளுக்கு வந்தார். இப்போது என்னைவிட அதிகம் படிக்கிறார்.

நேரில் கேட்டுவிட்டு வந்து படிப்பதும் இதில் சேரும். 1982இல் பிரான்சில் தொடங்கிய ஜூன் 21 இசைத் திருநாளைப் புதுச்சேரியிலும் கொண்டாடுகிறார்கள். அந்தச் சமயம் அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சுப் பண்பாட்டு மையத்தின் பக்கம் போனால் பேர் தெரியாத குழுக்களைக் காசு கொடுக்காமல் கேட்கலாம். ஆரோவில்லிலும் அவ்வப்போது கச்சேரி உண்டு. ஆனால் ராத்திரி கடலூருக்குத் திரும்பும் வண்டியை முதலில் யோசித்துக்கொள்ளுங்கள்.

பாதகம்: பெரும்பாலான நாட்கள் இரண்டு பாட்டு ஆறு பாட்டாகி, கதை நாளைக்குத் தள்ளிப்போகும். அதனால் இந்த வழிக்கு அச்சுப் புத்தகம்தான். பாட்டும் கதையும் ஒரே செல்போனில் இருந்தால் கதை தோற்றுவிடும்.

நான்கு: பஸ்ஸில் காதால்

கடலூரிலிருந்து புதுச்சேரி ஏறக்குறைய 22 கிலோமீட்டர். பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று நின்று நின்று போக முக்கால் மணி, நெரிசலில் ஒரு மணி. போக ஒன்று, வர ஒன்று. அக்கா மகனுக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்பதே தப்பு. இன்னும் ஒன்றரை இரண்டு மணி நேரம் ஜன்னல் ஓரத்தில் கிடக்கிறது.

பஸ்ஸில் படிப்பது என்னால் ஆகாது. கண் அசையாத பக்கத்தைப் பார்க்கிறது, உள்காது வண்டியின் குலுக்கலைச் சொல்கிறது. இரண்டுக்கும் ஒத்துப்போகாமல் குமட்டும். அதனால் கதையைக் கேட்பது. யூடியூபில் தமிழ்ச் சிறுகதைகளை வாசித்துப் போடுபவர்கள் நிறையப் பேர். சிலர் அருமையாக வாசிக்கிறார்கள். சிலர் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் வயலின் போட்டு அழவைக்கப் பார்க்கிறார்கள், அவர்களைத் தவிர்த்துவிடலாம். காலையில் போகும்போது கதை, சாயங்காலம் வரும்போது பாட்டு என்று பிரித்துக்கொண்டால் ஒன்றை ஒன்று மிதிக்காது.

இதில் ஒளிந்திருக்கும் செலவு காது. தனியார் பஸ்ஸில் டிரைவர் சினிமாப் பாட்டு வைத்திருப்பார், சத்தமாக. அதை அமுக்க நாம் நம் சத்தத்தை ஏற்றுவோம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம். தினம் இரண்டு நடை, வாரம் ஐந்து நாள் என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். காதுக்குள் இறுக்கமாகப் பொருந்தும் ரப்பர் முனை உள்ள இயர்போன் வாங்கினால் சத்தத்தை ஏற்ற வேண்டியிருக்காது. சில நாள் நான் தோற்று, டிரைவரின் பாட்டையே கேட்டுக்கொண்டு வருவேன். அதுவும் மோசமில்லை.

ஒரே பார்வையில்

| வழி | கதை நிற்கிறதா | புதுப் பாட்டு பழகுகிறதா | வெளியே தெரியாத செலவு | எப்போது சரி |
|---|---|---|---|---|
| படித்துக்கொண்டே | வார்த்தையில்லா இசை என்றால் ஓரளவு | அநேகமாக இல்லை | செயலி ஒரே மாதிரி தரத் தொடங்கும் | வீட்டைச் சுற்றி இரைச்சல் இருக்கும்போது |
| கதைக்குப் பிறகு | நன்றாக | நன்றாக | முழு ஒரு மணி நேரம், முன்தயாரிப்பு | இரவு, தனிமை, தூக்கம் வராத நேரம் |
| பாட்டு முன்னால் | படித்தால் உண்டு | நன்றாக | கதை நாளைக்குத் தள்ளிப்போகும் | வாசிப்பு விட்டுப்போனவருக்கு |
| பஸ்ஸில் | வாசிப்பவர் குரலைப் பொறுத்து | திரும்பத் திரும்பக் கேட்க வசதி | காது, டேட்டா | தினசரிப் பயணம் உள்ளவருக்கு |

காசு விஷயம்

கதைப் பக்கம் செலவில்லாமலே வருடக்கணக்கில் ஓட்டலாம். புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில் பழைய தமிழ் நூல்கள் இலவசம். புதுச்சேரியில் 1827இலிருந்து இயங்கும் ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. கடலூர்க்காரருக்கு மாவட்ட மைய நூலகம். மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தனையும், கடைசிக் காலம் வரை புதுச்சேரியில் வாழ்ந்த கி.ரா.வையும், புதுச்சேரிக்காரரான பிரபஞ்சனையும் படிக்காமல் வேறெங்கோ தேடுவானேன் என்று எனக்கு ஒரு ஊர்க்கர்வமும் உண்டு.

பாட்டுப் பக்கம்தான் கை கடிக்கும். விநாடிக்கு 160 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் ஏறக்குறைய 72 எம்பி டேட்டா ஆகும். அதையே யூடியூபில் வீடியோவாக ஓடவிட்டால் பல மடங்கு. ஸ்பாடிஃபை போன்ற செயலிகளில் காசு கட்டாவிட்டால் பாட்டுக்கு நடுவே விளம்பரம். இரண்டாவது வழிக்கு அது பெரிய எதிரி. கதையின் கடைசி வரியும் பற்பசை விளம்பரமும் ஒட்டவே ஒட்டாது. ஒரு மாதம் கேட்டும் ஒரு ஆல்பம் சலிக்கவில்லை என்றால் குழுக்களே தங்கள் பாட்டை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் குழுவிடமிருந்தே வாங்கிவிடுவேன். டிஜிட்டல் ஆல்பத்துக்குத் தளம் எடுப்பது 15 சதவீதம். பணம் அனுப்பும் கட்டணம் போக மிச்சம் பாடியவர்களுக்குப் போகிறது. வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட வேண்டியிருக்கும். வாங்கியதும் மறுபடி மூடிவிடுங்கள்.

யாருக்கு எது

தனி அறையும் ராத்திரி ஒரு மணி நேரமும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இரண்டாவது. கைக்குழந்தை இருக்கும் வீடு என்றால் இருபது நிமிடம் சேர்ந்தாற்போல் கிடைக்காது. ஒருநாள் கதை, மறுநாள் பாட்டு என்று வைத்துக்கொள்ளலாம். வேலை மாறி ஊர் மாறிப் படிப்பே நின்றுபோனவருக்கு மூன்றாவது, அதுவும் ஒரு மாதத்துக்கு மட்டும். பிறகு வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் வழியை நிரந்தரமாக யாருக்கும் சொல்ல மாட்டேன், மைக் செட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரரைத் தவிர.

அக்கா மகனுக்குச் சொன்னது நான்காவதும் இரண்டாவதும் சேர்ந்த ஒன்று. பஸ்ஸில் பாட்டு மட்டும், போக வர அதே ஆல்பம், வாரம் முழுக்க. ராத்திரி கதை. சனிக்கிழமை ராத்திரி மட்டும் கதையைப் படித்துவிட்டு, பஸ்ஸில் பழகிய அந்த ஆல்பத்தை ஒரு முறை அசையாமல் உட்கார்ந்து கேட்பது.

"பழகுன பாட்டுதான மாமா, மறுபடி எதுக்கு?"

"கேட்டுப் பாரேன்."

இரண்டு சனிக்கிழமை ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸப்பில் ஒரு வரி வந்தது: "மாமா, இந்தப் பாட்டுல பின்னாடி இன்னொருத்தர் பாடறாரு, பஸ்ல கேக்கவே இல்ல."

நானும் அந்த ஆல்பத்தை நாலைந்து வருடமாகக் கேட்கிறேன். எந்தப் பாட்டு என்று கேட்டு அனுப்பினேன். அதற்குள் தூங்கிவிட்டான் போலிருக்கிறது.